தத்துப் பிள்ளையும் அரசாங்கப் பணமும்

சென்ற இதழில் ஒரு வாசகிக்கு, “தத்தெடுத்தவர்களுக்கென்று நம் நாட்டில் மாதாந்திர உதவித்தொகை கிடையாது” என்று இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு ஒரு கட்டுக் கடிதம் வந்து சேர்ந்திருக்கிறது. சிலர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள், சிலர் நம்பவில்லை, ஒருவர் எனக்கே சட்டம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆகவே வாடகை தராத குடித்தனக்காரர், பக்கத்து வீட்டு நாய் என்று வழக்கமாக வரும் சட்டக் கேள்விகள் இந்த மாதம் காத்திருக்கட்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜோர்ஜ் டவுனில், லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்த ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வழக்கறிஞர் அல்ல. கீழே எழுதுவது தீபகற்ப மலேசியாவில் வாழும் முஸ்லிம் அல்லாத குடும்பங்களுக்குப் பொருந்தும். சபா, சரவாக்கில் சட்டம் வேறு.

கேள்வி: அக்கா, எங்களுக்குத் திருமணமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. குழந்தை இல்லை. கணவர் பிறையில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், நான் வீட்டில் இருக்கிறேன். கணவரின் சித்தப்பா மகள் தனக்கு நான்காவதாகப் பிறக்கப்போகும் குழந்தையை எங்களுக்குத் தருவதாகச் சொல்கிறாள். வளர்ப்புப் பிள்ளைக்குச் சமூக நல இலாகா மாதாமாதம் பணம் தருகிறது என்று எங்கள் கோயில் தலைவர் அடித்துச் சொல்கிறார். நீங்களோ இல்லை என்கிறீர்கள். யார் சொல்வதை நம்புவது? — வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: இருவரையும் நம்பலாம் அம்மா. கோயில் தலைவர் சொல்லும் பணம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது உங்களுக்கு வருகிற பணம் அல்ல.

அவர் மனத்தில் இருப்பது ‘பந்துவான் அனாக் பெலிஹாரா’ என்ற உதவி. பெற்றோரால் கைவிடப்பட்ட, கொடுமைக்கு ஆளான, பாதுகாப்புத் தேவைப்படுகிற பிள்ளைகளை இலாகா 2001-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின் கீழ் தன் பொறுப்பில் எடுக்கிறது. அந்தப் பிள்ளைகள் இல்லத்தில் வளர்வதைவிட ஒரு வீட்டில் வளர்வது நல்லது என்பதால், வளர்க்க முன்வரும் குடும்பத்திடம் ஒப்படைத்து, செலவுக்கு மாதம் ஒரு தொகை தருகிறது. அங்கே பிள்ளைக்குப் பொறுப்பாளி இன்னமும் இலாகாதான், வீட்டுக்காரர் வளர்ப்பவர் மட்டுமே. இரண்டு ஆண்டுகள் கடந்தும் பெற்றவர்கள் தேடி வராவிட்டால் வளர்த்தவர்களே தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம் என்று அதே சட்டம் வழி விட்டிருக்கிறது. தத்து ஆணை கிடைத்த நாளில் பிள்ளை முழுமையாக அவர்களுடையது. இலாகாவின் கணக்கு அங்கே முடிந்துவிடும்.

இது எனக்கு உடன்பாடான ஏற்பாடு அல்ல. தற்காலிகமாக வைத்துக்கொண்டிருக்கும்வரை பணம், காலத்துக்கும் நம்முடையது என்று ஏற்றுக்கொண்டதும் ஒரு வாழ்த்து என்றால், வசதி குறைந்த குடும்பம் தத்தெடுக்கத் தயங்கத்தானே செய்யும்? ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளை, பிரிக்கக் கூடாத அண்ணன் தங்கை, உடற்குறையுள்ள பிள்ளை என்றால் கேட்டு வருகிறவர்களே குறைவு. அமெரிக்காவில் இப்படிப்பட்ட பிள்ளைகளை எடுப்பவர்களுக்குத் தத்துக்குப் பிறகும் மாதாந்திரத் தொகை தொடர்வதற்கு 1980-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நம் சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கோயில் திருவிழாவுக்கு வரும்போது மாலையோடு இந்தக் கேள்வியையும் போடலாம்.

உங்கள் விஷயம் வேறு. குழந்தை சொந்தத்துக்குள் கைமாறுகிறது, இலாகா கையிலிருந்து வரவில்லை. ஆகவே மாதப்பணத்தை எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். உங்கள் கணவரின் ஒரு சம்பளத்தில் பால்மாவும் டயப்பரும் அடங்குமா என்று இப்போதே உட்கார்ந்து பாருங்கள். அடங்கும் என்றால் மேலே படியுங்கள்.

உங்களுக்குக் கிடைக்கக்கூடிய அரசாங்க உதவிகள் எல்லாம் பெற்ற பிள்ளைக்குக் கிடைப்பவைதாம். சும்பாங்கான் துணாய் ரஹ்மா என்ற ரொக்க உதவி, குடும்ப வருமானம் மாதம் 5,000 ரிங்கிட்டுக்கு மேல் போகாதவர்களுக்குரியது. பிள்ளைகளின் எண்ணிக்கை கூடினால் அதில் தொகையும் கூடும். பிள்ளை வந்த பிறகு விவரங்களைப் புதுப்பிக்க மறந்துவிட்டு, “எங்களுக்கு மட்டும் ஏன் குறைவு” என்று கேட்பவர்கள் நிறைய. உங்கள் கணவர் வருமான வரி கட்டுகிறார் என்றால் அதில் கழிவு உண்டு, அதைக் கீழே பாயான் லெப்பாஸ் தம்பிக்கான பதிலில் எழுதியிருக்கிறேன். இவை எல்லாவற்றுக்கும் சட்டப்படி தத்தெடுத்ததற்கான தாள் வேண்டும். அதனால் பணத்தைத் தேடும் முன் தாளைத் தேடுங்கள்.

தாள் வாங்க இரண்டு வழிகள். ஒன்று 1952-ஆம் ஆண்டு தத்தெடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போவது. செஷன்ஸ் நீதிமன்றத்திலும் மனுப் போடலாம், உயர் நீதிமன்றத்திலும் போடலாம். ஆணைக்கு முன் குழந்தை குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து உங்கள் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். தத்தெடுக்கும் எண்ணத்தை அதே போல மூன்று மாதத்துக்கு முன்பே சமூக நல இலாகாவுக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். மற்றது அதே ஆண்டில் வந்த தத்தெடுப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் தேசியப் பதிவு இலாகாவில் பதிவு செய்வது. அங்கே வழக்கறிஞர் தேவையில்லை, ஆனால் குழந்தை இரண்டு ஆண்டுகள் உங்களிடம் வளர்ந்திருக்க வேண்டும். செலவு குறைவு என்று பலரும் இரண்டாவதற்குப் போகிறார்கள். சொத்துரிமையில் அது எங்கே கடிக்கும் என்பதைக் கீழே ஆயர் ஈத்தாம் ஆசிரியைக்கு எழுதியிருக்கிறேன், அதையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வழக்கறிஞர் கட்டணம்தான் பயம் என்றால், ‘பந்துவான் குவாமான்’ என்று எல்லோரும் சொல்லும் சட்ட உதவி இலாகாவுக்குப் போய்ப் பாருங்கள். வருமானத்தைப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் தத்தெடுப்பு மனு அவர்கள் செய்யும் வேலைகளில் ஒன்று. தத்தெடுப்போருக்கு அரசாங்கம் நேரடியாகச் செய்யும் உதவி எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். நம்மவர்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

இன்னொன்று. நீதிமன்றம் பிள்ளையின் நலனைப் பார்க்க ஒருவரை நியமிக்கும், பெரும்பாலும் நல இலாகா அதிகாரியைத்தான். அவர் வீட்டுக்கு வருவார். அதிகாரி வருகிறார் என்று கடன் வாங்கிப் புதுச் சோபா போட்ட தம்பதியை எனக்குத் தெரியும். வந்த அதிகாரி அந்தச் சோபாவில் உட்காரக்கூட இல்லை. பிள்ளை எங்கே தூங்குகிறது, பகலில் யார் கையில் இருக்கிறது, தடுப்பூசி அட்டை எங்கே என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

கேள்வி: அம்மா, எனக்கு வயது 61. என் மகள் போன ஆண்டு இறந்துவிட்டாள். மருமகன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. எட்டு வயதுப் பேரனும் நான்கு வயதுப் பேத்தியும் என்னிடம்தான் இருக்கிறார்கள். நான் காலையில் நாசி லெமாக் கட்டி விற்கிறேன். பேரப் பிள்ளைகளைத் தத்தெடுத்தால்தான் அரசாங்க உதவி கிடைக்கும் என்று சொல்கிறார்கள். அதற்கு வழக்கறிஞர் வைக்க என்னிடம் பணம் இல்லை. — பாட்டி, செந்தூல்

பதில்: அப்படிச் சொன்னவரை இனிமேல் நம்பாதீர்கள் அம்மா. நீங்கள் தத்தெடுக்க வேண்டியதில்லை.

வசதியில்லாத குடும்பத்தில் வளரும் பிள்ளைகளுக்குச் சமூக நல இலாகா தரும் உதவி ‘பந்துவான் கனாக்-கனாக்’. பெற்றவர்தான் வாங்க வேண்டும் என்று இல்லை, வளர்க்கும் பாட்டியும் கேட்கலாம். 2021-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அதன் தொகையை உயர்த்தினார்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மாதம் 200 ரிங்கிட், ஏழிலிருந்து பதினெட்டு வரை 150 ரிங்கிட், ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 1,000 ரிங்கிட் என்று வைத்தார்கள். அந்தக் கணக்குப்படியே பார்த்தாலும் உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 350 ரிங்கிட் வருகிறது. இப்போதைய தொகையை நல இலாகா அலுவலக முகப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

போகும்போது உங்கள் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், மைகிட் என்ற பிள்ளைகளுக்கான அடையாள அட்டை, மகளின் இறப்புப் பத்திரம், உங்கள் வங்கிக் கணக்குப் புத்தகம், பேரன் பள்ளிக்குப் போகிறான் என்பதற்கான கடிதம், எல்லாவற்றையும் அசலும் நகலுமாகக் கொண்டு போங்கள். வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு கேட்பார்கள். நாசி லெமாக் விற்பவருக்கு ஏது சம்பளச் சீட்டு? நாளுக்கு எவ்வளவு விற்கிறது, அதில் அரிசிக்கும் தேங்காய்க்கும் எவ்வளவு போகிறது என்பதை ஒரு தாளில் எழுதி, குடியிருப்பாளர் சங்கத் தலைவரிடமோ சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலோ கையெழுத்து வாங்குங்கள். மருமகன் எங்கே என்று தெரியவில்லை என்பதைப் போலீஸில் ஒரு புகாராகப் பதிந்து அதன் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி முதலில் கேட்கப்போவது, “அப்பா எங்கே?” என்றுதான்.

மகள் வேலை பார்த்தவளா என்று நீங்கள் எழுதவில்லை. சம்பளத்தில் சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிக்குப் பணம் பிடித்திருந்தால் பிள்ளைகளுக்கு அங்கிருந்து ஓய்வூதியம் வர வாய்ப்பு உண்டு. ஊழியர் சேமநிதியில் அவள் பணமும் இருக்கலாம். இந்த இரண்டு அலுவலகங்களிலும் அவளுடைய அடையாள அட்டை எண்ணைக் கொடுத்து விசாரியுங்கள். நல இலாகாவுக்குப் போகும் முன்பே இதைச் செய்யுங்கள், ஏனென்றால் அது உதவி அல்ல, உங்கள் மகள் உழைத்துச் சேர்த்தது.

பள்ளியிலோ மருத்துவமனையிலோ “நீங்கள் சட்டப்படி யார்?” என்று கேட்டு மடக்கினால், 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் காப்பாளர் ஆணை கேட்டு மனுப் போடலாம். அதற்கும் மேலே சொன்ன சட்ட உதவி இலாகாவையே கேளுங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் தனித்தனியே வருமான வரி கட்டுகிறோம். சென்ற ஆண்டு அக்டோபரில் மகனுக்கு நீதிமன்ற ஆணை கிடைத்தது. பிள்ளைக் கழிவு 2,000 ரிங்கிட்டை இருவருமே கேட்கலாமா? மூன்று மாதத்துக்கு மட்டும்தான் கணக்கா? — பொறியாளர், பாயான் லெப்பாஸ்

பதில்: ஒரே பிள்ளைக்கு இருவரும் முழுக் கழிவு கேட்க முடியாது தம்பி. உங்களில் யாருடைய வரி விகிதம் அதிகமோ அவர் கேட்பது லாபம். மாதத்தைப் பார்த்து வெட்டுவதும் கிடையாது. டிசம்பரில் பிறந்த பிள்ளைக்கும் அந்த ஆண்டுக்கான கழிவு முழுதாகத்தான் கிடைக்கும், அக்டோபரில் ஆணை கிடைத்த பிள்ளைக்கும் அப்படியே. 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், ஏதாவது ஒரு சட்டத்தின்படி தத்தெடுத்ததை நிரூபித்தால் பெற்ற பிள்ளையோடு சேர்த்தே எண்ணுகிறது.

ஆனால் 2,000 ரிங்கிட் கையில் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். பொறியாளருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வரி போடும் வருமானத்திலிருந்து 2,000 கழியும், அவ்வளவே. உங்கள் வருமானம் 50,000-க்கும் 70,000-க்கும் இடைப்பட்ட 11 விழுக்காட்டுப் படியில் முடிகிறது என்றால் மிச்சம் 220 ரிங்கிட். அதற்குக் கீழே உள்ள 6 விழுக்காட்டுப் படியில் 120. வரியே கட்டாதவருக்குப் பூஜ்யம். வசதி உள்ளவருக்கு அதிகமாகவும் இல்லாதவருக்கு ஒன்றும் இல்லாமலும் போகிற ‘உதவி’ இது. இதைத் தத்தெடுப்போருக்கான சலுகை என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

பிள்ளையைப் பதிவு பெற்ற பராமரிப்பு மையத்திலோ பாலர் பள்ளியிலோ விட்டிருந்தால், ஆறு வயது வரை, கட்டணத்துக்கு 3,000 ரிங்கிட் வரை தனிக் கழிவு உண்டு. அதையும் ஒருவர்தான் கேட்கலாம். மையம் பதிவு பெற்றதா என்று சேர்க்கும்போதே கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு அவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினால் செல்லாது. பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகி டிப்ளோமாவோ பட்டமோ முழுநேரமாகப் படிக்கும்போது 2,000 என்பது 8,000 ஆகும். ஆணையின் நகலையும் ரசீதுகளையும் ஏழு ஆண்டுகளுக்கு வைத்திருங்கள். ரசீது வெளுத்துப்போகும், நகல் எடுத்து வையுங்கள்.

கேள்வி: கோலாலம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறேன். பிறந்து பத்து நாளான பெண் குழந்தை எங்களிடம் வரப்போகிறது. 98 நாள் பிரசவ விடுப்பு எனக்கு உண்டுதானே? மனிதவளப் பிரிவில் இருக்கும் பெண் இல்லை என்று சொல்லிவிட்டாள். — வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள், அவள் சொன்னது சரி. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் தாய்க்கு 98 நாள், தந்தைக்கு 7 நாள் என்று ஆக்கினார்கள். இரண்டுமே பிரசவத்தோடு கட்டப்பட்டவை. பத்து நாள் குழந்தை இரவில் எத்தனை முறை எழும் என்பது அதைப் பெற்றவளுக்கும் எடுத்தவளுக்கும் ஒன்றுதான். சட்டத்துக்கு அது தெரியவில்லை.

சிங்கப்பூரில் வேலை செய்யும் உங்கள் தோழிகள் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். அங்கே 2017 ஜூலையில் தத்தெடுக்கும் தாய்க்கான விடுப்பை நான்கு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரமாக்கிவிட்டார்கள். ஓர் ஆண்டுக்கு உட்பட்ட குழந்தை, தாயின் வேலைக்காலம் என்று நிபந்தனைகள் உண்டு, செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கிறது. ஜொகூர் காஸ்வே பாலத்தைத் தாண்டினால் கிடைப்பது இந்தப் பக்கம் கிடைப்பதில்லை.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது, நிறுவனத்தின் விடுப்புக் கையேட்டையும் தொழிற்சங்கம் இருந்தால் கூட்டு ஒப்பந்தத்தையும் வாசிப்பது. சட்டம் கேட்காவிட்டாலும் தாமாகவே தத்து விடுப்புத் தரும் நிறுவனங்கள் உண்டு. அதில் இல்லையென்றால் ஆண்டு விடுப்பும் சம்பளமில்லா விடுப்பும் சேர்த்து, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, உங்கள் மாதக் கணக்கு முடிக்கும் வேலையை யார் பார்ப்பார் என்பதையும் எழுதி மேலாளரிடம் நேராகக் கொடுங்கள். வேலைக்கு மாற்று ஆளைக் காட்டிவிட்டால் மறுக்க வாய் வராது.

கேள்வி: நாங்கள் ஐந்து ஆண்டுகளாக வளர்க்கும் மகனின் பிறப்புப் பத்திரத்தில் ‘புக்கான் வார்காநெகாரா’ (குடிமகன் அல்ல) என்று இருக்கிறது. பெற்ற தாய் வெளிநாட்டுக்காரர், திருமணம் ஆகாதவர். நீதிமன்றத்தில் தத்து ஆணை கிடைத்ததும் குடியுரிமை தானாக வந்துவிடும், பிறகு எல்லா உதவியும் கிடைக்கும் என்று தரகர் ஒருவர் சொன்னார். ஆணை வந்து ஓர் ஆண்டு ஆகிறது. ஒன்றும் மாறவில்லை. — வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை உட்காரவைத்த கடிதம் இது.

தத்து ஆணை பிள்ளையை உங்கள் மகனாக்கும். குடிமகனாக்காது. உங்கள் மகன் பிறந்த காலத்தில் இருந்த அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி, இந்த நாட்டில் பிறந்த பிள்ளை குடியுரிமை பெற, பிறந்த நேரத்தில் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்திருக்க வேண்டும். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தாயின் நிலையை மட்டும் பார்ப்பார்கள். தத்தெடுத்த உங்களிடம் குடிமக்களுக்குரிய நீல நிற அடையாள அட்டை இருப்பது அந்தக் கணக்கில் வராது.

உங்களுக்கு உரிய வழி அரசியலமைப்பின் 15A பிரிவு. சிறப்புச் சூழ்நிலையில் இருக்கும் பிள்ளையை அரசாங்கம் குடிமகனாகப் பதியலாம் என்று அது சொல்கிறது. ‘பதியலாம்’ என்பதால் முடிவு உள்துறை அமைச்சின் கையில். விண்ணப்பத்தைத் தேசியப் பதிவு இலாகாவில் கொடுக்க வேண்டும். வயது வரம்பு உண்டு, ஆகவே பையன் பெரியவனாகட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள், இந்த மாதமே கொடுங்கள். பதில் வர ஆண்டுக்கணக்கில் ஆகலாம், காரணம் சொல்லாமல் மறுத்த கடிதங்களையும் நான் பார்த்திருக்கிறேன். மறுத்தால் மறுபடியும் விண்ணப்பியுங்கள். கொடுத்த ஒவ்வொரு தாளின் நகலையும், வாங்கிய ரசீதையும் ஒரே இடத்தில் வையுங்கள். பழைய பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தவர்களும் உண்டு, அதற்குக்கூடக் குறை சொல்ல மாட்டேன், தொலைக்காமல் இருந்தால் போதும்.

பெற்றவர் யாரென்றே தெரியாமல் கைவிடப்பட்ட குழந்தையின் நிலை வேறு. அப்படிக் கண்டெடுக்கப்பட்டுத் தத்தெடுக்கப்பட்ட ஒரு பிள்ளையின் வழக்கில், 2021 நவம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அந்தப் பிள்ளை சட்டப்படி தானாகவே குடிமகன் என்று தீர்ப்பளித்தது. 2024-இல் குடியுரிமைச் சட்டத் திருத்தம் வந்தபோது அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடப் பார்த்து, எதிர்ப்புக்குப் பிறகு விட்டுவிட்டார்கள். உங்கள் மகனின் தாய் யாரென்று பத்திரத்தில் இருப்பதால் அந்தத் தீர்ப்பு உங்களுக்கு நேரடியாக உதவாது. யாராவது அதைக் காட்டிப் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

பள்ளிக்குப் பயப்பட வேண்டாம். பெற்றோரில் ஒருவர் மலேசியராக இருந்தால், ஆவணம் முழுமையடையாத பிள்ளைகளையும் சேர்க்க 2019 முதல் கல்வி அமைச்சு விதியைத் தளர்த்தியிருக்கிறது. தத்து ஆணையைக் கொண்டு போங்கள், தமிழ்ப்பள்ளியும் அதில் அடங்கும். செலவு வலிக்கும் இடம் மருத்துவமனை. நமக்கு ஒரு ரிங்கிட்டில் முடியும் வெளிநோயாளி சிகிச்சை, வெளிநாட்டவர் என்று பதிந்தால் 40 ரிங்கிட். நிபுணரைப் பார்க்க நமக்கு ஐந்து, அவர்களுக்கு 120. பதிவு முகப்பிலேயே தத்து ஆணையைக் காட்டிப் பேசுங்கள். மறுத்தால் மருத்துவமனையின் சமூகப் பணி அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஒவ்வொரு பெரிய அரசாங்க மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. மாதாந்திர உதவித்தொகை எதுவும் கிடைக்காத நட்டத்தைவிட, பிறப்புப் பத்திரத்தில் இருக்கும் அந்த ஒரு வாசகம் உங்கள் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் பணம் அதிகம்.

கேள்வி: குழந்தை தருவதாகச் சொல்லும் ஒரு பெண்மணி, தாயின் மருத்துவச் செலவு என்று பெரிய தொகை கேட்கிறார். பிறகு அரசாங்கத்திடம் அதைத் திரும்பக் கேட்க முடியுமா? — பெயர் வேண்டாம், கிள்ளான் பள்ளத்தாக்கு

பதில்: முடியாது. கொடுக்கவும் கூடாது. நீதிமன்றம் அனுமதித்த தொகையைத் தவிர, தத்துக்காக எந்தப் பணமும் கைமாறவில்லை என்று நீதிபதி திருப்தி அடைந்தால்தான் ஆணையே கிடைக்கும். நீங்கள் சத்தியப் பிரமாணத்தில் பொய் எழுத வேண்டி வரும். பிள்ளையை விலைக்கு வாங்கியதாக ஆள்கடத்தல் சட்டமும் குழந்தைகள் சட்டமும் வாசலில் வந்து நிற்கும், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போவார்கள். ஆசை இருந்தால் சமூக நல இலாகாவில் பெயரைப் பதியுங்கள், காத்திருப்போர் பட்டியல் நீளம்தான். பெட்டாலிங் ஜெயாவில் 2010-இல் குழந்தைத் தொட்டில் வைத்த ஆர்ஃபன்கேர் அறநிறுவனத்தையும் அணுகலாம். பிள்ளை உங்கள் கைக்கு வந்த ஒரு வாரத்துக்குள் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம். அந்தப் பெண்மணி இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கணவர் காலமாகிவிட்டார். மகளைக் குழந்தையாக எடுத்து, தேசியப் பதிவு இலாகாவில் பதிந்து, என் பெயரோடு பிறப்புப் பத்திரமும் வாங்கி வளர்த்தேன். அவளுக்கு இப்போது 29. எனக்குப் பிறகு வீடு தங்களுக்குத்தான் என்று என் தம்பி மக்கள் கடைத்தெருவில் பேசுகிறார்களாம். உயில் எழுதுவதென்றால் அவர்களிடம் சொல்லிவிட்டு எழுத வேண்டுமா? — ஆயர் ஈத்தாம்

பதில்: டீச்சர், அவர்கள் கடைத்தெருவில் பேசினாலும் சட்டம் தெரிந்துதான் பேசுகிறார்கள். நீதிமன்ற ஆணையால் தத்தெடுத்த பிள்ளை, உயில் இல்லாவிட்டாலும் பெற்ற பிள்ளையைப் போலவே சொத்துக்கு உரியது. பதிவு இலாகாவில் மட்டும் பதிந்த பிள்ளைக்கு அந்த உரிமை தானாக வராது. பிறப்புப் பத்திரத்தில் உங்கள் பெயர் இருப்பது மட்டும் அதற்குப் போதாது. உயில் இல்லாமல் போனால் 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, துணையும் பிள்ளையும் பெற்றோரும் இல்லாதவரின் சொத்து உடன்பிறந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் போகும். இருபத்தொன்றைத் தாண்டிய மகளுக்காக இனி நீதிமன்றத்திலும் மனுப் போட முடியாது.

ஆகவே உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் போதும், இருவரும் ஒரே நேரத்தில் உங்கள் எதிரில் இருக்க வேண்டும். மகளையோ மருமகனையோ சாட்சியாகப் போட்டுவிடாதீர்கள், சாட்சிக்கும் சாட்சியின் துணைக்கும் எழுதிய சொத்து செல்லாமல் போகும். மகளின் பெயரை முழுமையாக, அடையாள அட்டை எண்ணோடு எழுதுங்கள். வெறுமனே ‘என் மகளுக்கு’ என்று எழுதினால் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வழக்காடுவார்கள். சேமநிதியில் பணம் மிச்சம் இருந்தால் அதற்கு வாரிசு நியமனத்தைத் தனியாகச் செய்ய வேண்டும், உயில் அதை மாற்றாது.

தம்பி மக்களிடம் சொல்லிவிட்டு எழுத வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தீபாவளிக்கு முறுக்கு கொடுத்து அனுப்புங்கள், அது போதும்.

கேள்வி: பள்ளி திறக்கும்போது தரும் 150 ரிங்கிட் உதவி, தத்தெடுத்த பிள்ளைக்கும் உண்டா? பிள்ளைக்கு மைகிட் இருக்கிறது. — வாசகி, நிபோங் திபால்

பதில்: உண்டு. 2023 முதல் வருமானம் பார்க்காமல் எல்லா மாணவர்களுக்கும் தருகிறார்கள். பள்ளிப் பதிவேட்டில் யார் பெயர் பெற்றோராக இருக்கிறதோ அவர் வாங்கிக்கொள்ளலாம். வகுப்பாசிரியரிடம் வங்கிக் கணக்கு எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.